பேத்தை மீனின் வயிற்றைப் பாருங்கள்

தொட்டியில் வளர்க்கும் ‘பீ பஃபர்’ பேத்தை, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரள ஆறுகளில் வாழும் நன்னீர் மீன். ஓர் அங்குலம் வளர்ந்தாலே பெரிது. கடைக்கு வருபவற்றில் பல, ஆற்றில் பிடித்தவை. அதனால் குடற்புழுவும் கூடவே வரும்.

இரை போட்ட ஒரு மணி நேரம் கழித்துப் பக்கவாட்டில் பாருங்கள். வயிறு லேசாக உருண்டிருந்தால் சரி. நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டி, எச்சம் வெள்ளை நூலாகத் தொங்கினால் புழு என்று சந்தேகிக்கலாம். தின்னாமல் ஒட்டியிருந்தால் வாயைக் கவனியுங்கள். பேத்தையின் பல் நிற்காமல் வளரும். நத்தை ஓடு போன்ற கடினமானதைக் கடித்தால் தேயும். வாயில் வாங்கிய இரையைத் துப்பிக்கொண்டே இருந்தால் பல் நீண்டிருக்கலாம்.

உருண்டைப் புழுவுக்கு லெவாமிசோல் கேட்கும்: லிட்டருக்கு 2 மில்லிகிராம், விளக்கை அணைத்து 24 மணி நேரம், பிறகு பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றம், மூன்று வாரத்தில் இன்னொரு முறை. ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்திலும் இது உண்டு. ஆனால் பல புட்டிகளில் வேறு மருந்தும் கலந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் ஊற்ற வேண்டாம். நாடாப்புழுவுக்கு இது போதாது, பிராசிகுவான்டல் வேண்டும்.

மூச்சு வாங்குவது வேறு கதை. பேத்தைக்கு அகன்ற செவுள் மூடி கிடையாது. பக்கத் துடுப்புக்கு முன்னால் சிறு பிளவுதான். அது படபடவென்று அடித்து, மீன் மேல்மட்டத்திலேயே நின்றால் முதலில் மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் அமோனியாவைச் சோதியுங்கள். இங்கேதான் தண்ணீர் விளையாடும். பி.ஹெச் (நீரின் அமில-கார அளவு) 7 இருக்கும் தண்ணீரைவிட 8 இருக்கும் தண்ணீரில், அதே அளவு அமோனியாவில் நச்சு வடிவம் ஏறத்தாழ 10 மடங்கு. பி.ஹெச் குறைந்த சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் தாக்குப்பிடித்த மீன், பி.ஹெச் கூடிய உப்புப் போர்வெல் தண்ணீர் வீட்டில் சோதனைக் குழாய் அதே நிறம் காட்டும்போதே சாகலாம். அமோனியாவும், அது சிதைந்து உருவாகும் நைட்ரைட்டும் பூஜ்யம்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே பாதித் தண்ணீரை, குளோரின் நீக்கி, அதே சூட்டில் மாற்றுங்கள்.

மார்கழி இரவில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் சூடு இறங்கும். மீன் சோர்ந்து, துடுப்பை ஒடுக்கி, உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தால் ‘இக்’ ஒட்டுண்ணி. தோலுக்குள் இருக்கும்போது அதை மருந்து தொடாது. நீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த பின்னும் சிகிச்சையை ஒரு வாரம் தொடர வேண்டும். சூட்டை நாளுக்கு 1 டிகிரியாக 30 வரை ஏற்றி, காற்றுக் குமிழியைக் கூட்டுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. செதில் இல்லாத தோல் என்பதால் செம்பு கலந்த மருந்துகள் பக்கமே போகாதீர்கள்.

ஆண் மீனின் அடிவயிற்றில் ஓடும் கருங்கோடு நோயல்ல. அதைப் பார்த்து மருந்து ஊற்றித்தான் நல்ல மீனைப் பலர் கெடுக்கிறார்கள். ஊதிக் காட்டச் சொல்லிச் சீண்டுவதும் வேண்டாம். வலையில் வெளியே தூக்கும்போது காற்றை விழுங்கிவிட்டால் மீன் கவிழ்ந்து மிதக்கும். நீருக்குள்ளேயே வாய் மேலே பார்க்க மெல்லப் பிடித்தால் காற்று வெளியேறும். இடம் மாற்ற வலைக்குப் பதில் டம்ளரில் மொண்டுகொள்ளுங்கள்.