விசா வரும் வரை பிள்ளை யார் கையில்?

திருகோணமலையில் சிறுவர் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். குடும்பங்களிடம் ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்க வேண்டியிருக்கும் ஒரு விடயத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். கனடாவிலோ சுவிஸிலோ லண்டனிலோ வாழும் நம் ஊர்த் தம்பதி, இலங்கையில் உள்ள சிறுவர் இல்லம் ஒன்றிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு வயதுப் பிள்ளையைத் தத்தெடுக்கிறார்கள். கொழும்பில் நீதிமன்றக் கட்டளை கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு பிறப்புப் பதிவு, கடவுச்சீட்டு, விசா என்று வாரங்கள் ஓடுகின்றன. அதுவரை உவர்மலையிலோ உப்புவெளியிலோ சாம்பல்தீவிலோ தாய்வீட்டில் தங்குகிறார்கள். அம்மம்மா, சித்தி, மாமா, அயலவர் என்று வீடு நிறைந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் தூக்குகிறார்கள், ஊட்டுகிறார்கள். பிள்ளை யார் கை நீட்டினாலும் போகிறது. அழுவதே இல்லை. "என்ன கெட்டிக்காரப் பிள்ளை, ஒரே நாளில் ஒட்டிக்கொண்டுவிட்டது" என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

எனக்குக் கவலை தருவது அந்த அழாத பிள்ளைதான்.

வீட்டில் வளர்ந்த இரண்டு வயதுப் பிள்ளை புதிய முகத்தைக் கண்டால் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளியும், முறைக்கும், அழும். தன்னுடையவர் யார், அந்நியர் யார் என்று அது அறிந்திருப்பதன் அடையாளம் அது. சிறுவர் இல்லத்தில் பராமரிப்பவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும் முறைவைத்து மாறுகிறார்கள். காலையில் குளிப்பாட்டியவர் இரவில் இருக்கமாட்டார். அங்கே வளரும் பிள்ளை எந்தக் கையும் ஒரே கைதான் என்று பழகிவிடுகிறது. எல்லாரிடமும் போவது பாசம் அல்ல; 'என்னுடையவர்' என்று ஒருவர் இன்னும் உருவாகவில்லை என்பதையே அது காட்டுகிறது. வேறு சில பிள்ளைகளுக்கு இல்லத்திலேயே ஒரு அக்காவோ அன்ரியோ மிக நெருக்கமாக இருந்திருப்பார். அந்தப் பிள்ளைகளின் மௌனம் துக்கம். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட சிறுபிள்ளைகளை 1950களில் கவனித்த பிரித்தானிய ஆய்வாளர்கள் ஜோன் போல்பியும் ஜேம்ஸ் ரொபர்ட்சனும், பிள்ளை முதலில் அழுது எதிர்க்கும், பிறகு சோர்ந்து ஒடுங்கும், கடைசியில் எதுவும் நடக்காததுபோல் விலகிவிடும் என்று எழுதினார்கள். மூன்றாவது நிலையில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்பவர்கள் 'பழகிவிட்டது' என்றே நினைப்பார்கள்.

இனி அந்த விசாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அம்மம்மாதான் சோறு ஊட்டுகிறார், அம்மம்மாவின் பக்கத்தில்தான் உறக்கம். தாயும் தகப்பனும் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இரவு ரயிலில் அலைந்து பத்திரங்களுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். பிள்ளை மெல்ல மெல்ல அம்மம்மாவைத் தன்னுடையவராகத் தெரிந்தெடுக்கிறது. அப்போது விசா வருகிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அம்மம்மா கையசைத்துவிட்டுத் திரும்புகிறார். பெற்ற தாய், இல்லத்துப் பராமரிப்பாளர், இப்போது அம்மம்மா என்று இரண்டு வயதுக்குள் மூன்று இழப்பு. குளிர் தேசத்தில் இறங்கியதும் 'அங்கே நன்றாக இருந்த பிள்ளை இங்கே வந்து இப்படி மாறிவிட்டதே' என்று அந்தப் பெற்றோர் எனக்குத் தொலைபேசி எடுக்கும்போது, நான் கேட்கும் முதல் கேள்வி, ஊரில் யார் ஊட்டினார்கள் என்பதுதான்.

அதனால் என் வேண்டுகோள் இது: விமானத்தில் கூடவே ஏறப்போகும் இருவர் மட்டும் தூக்கட்டும், ஊட்டட்டும், குளிப்பாட்டட்டும், உறங்க வைக்கட்டும், அழும்போது தேற்றட்டும். மற்றவர்கள் அதே அறையில் இருக்கலாம், சிரிக்கலாம், கதைக்கலாம். பிள்ளை கை நீட்டி வந்தால், "அம்மாவிடம் கேட்போமா" என்று சொல்லித் தாயின் மடியில் கொண்டுபோய் விடலாம்.

இதைச் சொல்லும்போது அம்மம்மாக்களின் முகம் வாடிவிடுகிறது. "என் பேரப்பிள்ளையை நான் தூக்காமல் வேறு யார் தூக்குவது, மகள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களிடம் நான் நினைவூட்டுவது நம்முடைய சொந்த வழக்கத்தைத்தான். பிள்ளை பெற்ற வீட்டில் முப்பத்தொன்று கழியும் வரை வருவோர் போவோரை நாம் குறைத்துக்கொள்கிறோம். தாய்க்குச் சரக்குக் கறி வைத்துக் கொடுத்து, அவளை அடுப்படிப் பக்கம் விடாமல் பார்க்கிறோம். பிள்ளையைத் தாய் பார்ப்பாள், தாயை வீடு பார்க்கும். தத்தெடுத்து வந்தவளுக்கு உடற்புண் இல்லையே என்று நினைத்து அவளுக்கு மட்டும் அந்தச் சலுகையை மறுத்துவிடுகிறோம். சமையல், துணி துவைத்தல், சந்தைக்குப் போதல், உறவினரை வாசலிலேயே பக்குவமாகப் பேசி அனுப்புதல் ஆகிய இத்தனையும் அம்மம்மாவால்தான் முடியும். வேறு எவர் செய்தாலும் மனத்தாங்கல் வரும். முப்பத்தொரு நாள் போதாது. அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விடயம் பலரைப் பயமுறுத்துகிறது. பிள்ளை வாந்தி எடுக்கும் வரை சாப்பிடும். சோற்றைக் கன்னத்துக்குள் அடக்கிவைக்கும். பாண் துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டே தூங்கும். அடுத்தவர் கோப்பையைக் கண்டால் அலறும். பேராசையும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. அடுத்த வேளை நிச்சயமாக வரும் என்று அதற்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். கையிலிருப்பதைப் பிடுங்க வேண்டாம். நாள்தோறும் அதே நேரத்துக்குச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இரண்டு கப்பல் வாழைப்பழம் எப்போதும் இருக்கட்டும். பல வாரங்களில், சிலருக்குப் பல மாதங்களில், இது தானாகத் தளரும். முதல் நாட்களில் விதவிதமாகச் சமைத்துப் போட வேண்டாம். இல்லத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே, பருப்பும் குழைந்த சோறும் என்றால் அதையே கொடுத்து, புட்டையும் சொதியையும் பிறகு பழக்கலாம்.

இல்லத்தை விட்டு வரும் நாளில் கேட்க வேண்டியவற்றைப் பெற்றோர் பதற்றத்தில் மறந்துவிடுகிறார்கள். எத்தனை மணிக்கு உறங்கும், போத்தலா கோப்பையா, எந்தப் பாட்டுக்கு அடங்கும், எதற்குப் பயப்படும், யாரிடம் அதிகம் போகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது படுத்த விரிப்பைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் கொண்டுவாருங்கள். பழகிய வாசனை ஒன்றாவது அதனோடு வரட்டும். பராமரித்தவரோடு சேர்த்து ஒரு படமும் எடுங்கள்.

இரவில் கவனம் வேண்டும். இருட்டில் கண்ணைத் திறந்தபடி சத்தமில்லாமல் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. அழைத்தும் எவரும் வராத இரவுகளில் அழைப்பதையே விட்டவர்கள். தனிக் கட்டில், தனி அறை என்ற வெளிநாட்டுப் பழக்கத்தை இப்போது தள்ளிவையுங்கள். நுளம்பு வலைக்குள் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே பாய் போட்டுப் படுக்க வைக்கும் நம் வழக்கம் இந்தப் பிள்ளைக்கு மிக நல்லது. என்றாவது ஓரிரவு அது விழித்து வீறிட்டு அழுதால், பயப்படாதீர்கள். கூப்பிட்டால் ஆள் வரும் என்று அது நம்பத் தொடங்கியிருக்கிறது.

இல்லம் தெற்கிலோ மேற்கிலோ இருந்தால் பிள்ளைக்குத் தெரிந்தது சிங்களம் மட்டுமாக இருக்கும். கிரி, வத்துர, எப்பா, ரிதெனவா ஆகிய இந்த நான்கு சொற்களையாவது பெற்றோர் முன்கூட்டியே தெரிந்திருந்தால், பால் கேட்கிறதா, தண்ணீர் கேட்கிறதா, வேண்டாம் என்கிறதா, எங்கேனும் வலிக்கிறதா என்று புரியும். இந்த வயதில் பழைய மொழி மாதக்கணக்கிலேயே கரைந்துபோகும். புதியது நிரம்ப அதைவிட நாளெடுக்கும். இடைப்பட்ட காலத்தில் பிள்ளையிடம் எந்தச் சொல்லும் இருக்காது. கடிப்பதும் எறிவதும் அப்போதுதான் கூடும். 'கனடாவுக்குத்தானே போகப்போகிறது' என்று உடனே ஆங்கிலத்தில் தொடங்குவதை நான் ஏற்பதில்லை. பெற்றோரின் நெஞ்சிலிருந்து இயல்பாக வரும் மொழி தமிழ் என்றால் அதுவே வீட்டில் ஒலிக்கட்டும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். எண்சாத்திரம் பார்த்து, பிள்ளை வந்த முதல் வாரமே புதுப் பெயர் வைத்து, பழைய பெயரால் கூப்பிடுவோரைக் கண்டிக்கிறார்கள். அந்தப் பிள்ளை தன்னுடையது என்று கொண்டுவந்தது அந்த ஒரு பெயரைத்தான். புதுப் பெயர் வேண்டும் என்றால் பழையதோடு சேர்த்துக் கூப்பிடுங்கள். பத்திரகாளி அம்மன் கோயிலில் மொட்டை போடுவதாக நேர்த்தி இருந்தால் அம்மன் காத்திருப்பாள். முன்பின் தெரியாதவர் தலையைப் பிடித்துக் கத்தி வைக்கும் நிகழ்ச்சிக்கு இது நேரமில்லை. கோணேஸ்வரத்துக்குத் திருவிழாக் கூட்டத்தில் கொண்டுபோகாமல் சாதாரண நாளொன்றில் போங்கள். கோட்டை வாசலில் மேயும் மான்களைத் தகப்பனின் தோளிலிருந்து பார்ப்பது நல்ல பொழுது. கடற்கரையில் மணலில் கால் வைக்கவே மறுத்துக் காலை மடக்கிக்கொள்ளும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். சீமெந்துத் தரையை மட்டும் அறிந்த கால் அது. வற்புறுத்தாமல் மடியிலிருந்தே கடலைப் பார்க்கட்டும்.

இல்லங்களில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்வதால், தகப்பனின் குரலும் மீசையும் சில பிள்ளைகளை நடுங்க வைக்கும். எதிர்மாறாகத் தகப்பனோடு ஒட்டிக்கொண்டு தாயைத் தள்ளும் பிள்ளைகளும் உண்டு. அப்போதுதான் உறவினர் ஒருவர் "சுமந்து பெற்றிருந்தால் தெரியும்" என்பார். அந்தச் சொல்லை ஒரு தாய் வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. தயவுசெய்து அதை எவரும் சொல்லாதீர்கள். பல வருடம் ஏங்கிக் கிடைத்த பிள்ளை தன்னைத் தள்ளும்போது தாய்க்கு உறக்கமின்மை, அழுகை, பிள்ளைமேல் வெறுமை எல்லாம் வரக்கூடும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் போலவே இதற்கும் சிகிச்சை உண்டு. வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போகத் தயங்குபவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்காவது பேசுங்கள்.

கண்டிக்கும் முறையில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 'குழப்படி செய்தால் இல்லத்துக்கே அனுப்பிவிடுவேன்', 'விட்டுவிட்டுப் போகிறேன்', 'பொலிஸ் பிடித்துப் போகும்' என்பவை மற்றப் பிள்ளைக்கு வெறும் மிரட்டல். இந்தப் பிள்ளைக்கு அது நடந்த கதை. தனியே மூலையில் நிற்க வைப்பதும் அப்படியே. கோபம் தணியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

உடற்பரிசோதனையை முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். இல்லத்திலிருந்து சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, 9 மாதத்து எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி), 12 மாதத்து ஜப்பானிய மூளைக்காய்ச்சல், 18 மாதத்து ஊசிகள் பதிவாகியுள்ளனவா என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டுங்கள். இரத்தச்சோகை, புழு, காசநோய், கண், காது எல்லாம் பார்க்கப்பட வேண்டும். பேச்சுத் தாமதத்துக்கு 'இல்லத்துப் பிள்ளைதானே' என்று காரணம் சொல்லிக் காதுப் பரிசோதனையைத் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டு வயது கடந்துவிட்டது, இனி ஒட்டாதோ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல முடியும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வொன்றில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் பிணைப்பில் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்குப் பலன் கூடுதல். பிந்திப் போனவர்களுக்குக் கதவு மூடப்படவில்லை. காலமும் பொறுமையும் கூட வேண்டும்.

நடைமுறை ஏன் இவ்வளவு இழுபடுகிறது, தெரிந்தவர் மூலம் நேரே ஒரு குழந்தையை எடுக்க முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது, கூடாது. 1980களில் இந்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் பலரின் பத்திரங்கள் பொய்யானவை. தாய் என்று கையெழுத்திட்டவர் தாயே அல்ல என்பதை, வளர்ந்து திரும்பி வந்து தேடிய பிறகே அவர்கள் அறிந்தார்கள். 2021இல் நெதர்லாந்தின் விசாரணைக் குழு இலங்கையையும் சேர்த்துப் பல நாடுகளில் நடந்த முறைகேடுகளை உறுதிசெய்தது. 1941ஆம் ஆண்டின் மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டத்தை 1992இல் இறுக்கியதும், நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புப் பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 1995இல் இணைந்ததும் அந்தப் பின்னணியில்தான். முதலில் உள்நாட்டில் குடும்பம் தேட வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் விதி. நீங்கள் பிறந்தது திருகோணமலையாக இருந்தாலும் அந்த உடன்படிக்கை பார்ப்பது நீங்கள் இப்போது வாழும் நாட்டைத்தான். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் வழியன்றி எவரேனும் குழந்தை தருவதாகச் சொன்னால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அறிவியுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் தந்தையின் பெயரை மாற்றாமல் பராமரிப்புப் பொறுப்பை மட்டும் ஏற்கும் முறையை ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயமும் ஏற்கிறது. அந்த வீடுகளுக்கும் நான் மேலே எழுதிய அத்தனையும் பொருந்தும்.

பத்திரங்கள் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். பழைய பிறப்புச் சான்றிதழின் பிரதி, இல்லத்தின் முகவரி, அந்தப் படம் எல்லாம் பிள்ளையின் சொத்து. 'தத்தெடுத்தோம்' என்ற சொல்லை இப்போதிருந்தே தாலாட்டுக்கு நடுவே சொல்லிப் பழகுங்கள். நம் ஊரில் இதை மறைத்து வைக்க முடியாது. பதின்மூன்று வயதில் கல்யாண வீட்டுப் பந்தலில் வேறொருவர் வாயால் கேட்கும் பிள்ளைகள்தான் என்னிடம் மிகவும் உடைந்து வருகிறார்கள்.

ஊரிலிருப்போருக்கு இன்னும் ஒன்று. அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு காணொளி அழைப்பில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். பிள்ளை தாயின் மடியில் இருக்கும்போது, சில நிமிடம் போதும். "அம்மம்மாவிடம் வருகிறாயா?" என்று கேட்காதீர்கள், அது அழைப்பா, மீண்டும் இடமாற்றமா என்று பிள்ளைக்குத் தெரியாது. என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள், முற்றத்துக் கோழியைக் காட்டுங்கள்.