ஆண்டிஆக்சிடன்ட்: ஆக்சிஜனேற்றத் தடுப்பான்

பழைய மிக்சர் பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் சிக்கு வாடை தெரியும்தானே, இந்தச் சொல்லின் பொருள் அங்கேதான் இருக்கிறது. எண்ணெயின் நிறைவுறாக் கொழுப்போடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து பெராக்சைடு உண்டாகும். அது உடைந்து ஆல்டிஹைடு ஆகும். வாடை ஆல்டிஹைடுடையது. ஆக்சிஜன் இப்படிச் சேர்வதுதான் ஆக்சிஜனேற்றம், அதைத் தடுக்கும் பொருள் ஆண்டிஆக்சிடன்ட். 'ஊசிப்போச்சு' என்பது வேறு: சோற்றிலும் குழம்பிலும் நுண்ணுயிர் செய்கிற வேலை அது.

'ஆண்டி' கிரேக்கத்தில் எதிர். 'ஆக்சிடன்ட்' ஆக்சிஜனிலிருந்து வந்தது. புளிப்பைப் பிறப்பிப்பது என்ற பொருளில் ஆக்சிஜனுக்குப் பேர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியர். எல்லா அமிலத்துக்கும் இதுவே மூலம் என்று நினைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. ஆனாலும் பேர் நின்றுவிட்டது. 1920களில் பிரெஞ்சு வேதியியலர்கள் மூரோவும் டுஃப்ரெஸும், ஃபீனால் வகைப் பொருளைத் துளி சேர்த்தாலே ஆக்சிஜனேற்றம் பின்தங்குவதைக் காட்டினார்கள். ரப்பரும் எண்ணெயும் கெடாமல் காக்கப் புழங்கிய சொல், மாத்திரை டப்பாவுக்கு வந்தது பின்னால்தான்.

தமிழில் 'எதிர் ஆக்சிஜனேற்றி' என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் முதல் தடவை படிப்பவர் அதையும் ஒருவகை ஆக்சிஜனேற்றி என்றே எடுத்துக்கொள்வார். 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' தெளிவு. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'நோய் எதிர்ப்புப் பொருள்', 'நச்சு முறிப்பான்' இரண்டும் பிழை. இந்தப் பொருள் கிருமியோடு சண்டை போடுவதில்லை. எலக்ட்ரான் ஒன்று இணையில்லாமல் நிற்பதால் இன்னொரு எலக்ட்ரானுக்கு அலையும் மூலக்கூறுக்கு ('தனி உறுப்பு', ஆங்கிலத்தில் ஃப்ரீ ராடிக்கல்) தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அடக்குகிறது, தான் செலவாகிறது. தீர்ந்துபோனால் காவலும் தீர்ந்தது.

இதைக் கண்ணால் பார்க்க நெய் உருக்கினால் போதும். அல்வாவுக்கென்று வெண்ணெய் உருக்கும்போது சடசடப்பு அடங்கி, அடிக்கசடு பொன்னிறமாகும் தறுவாயில், கிலோவுக்கு ஓர் இணுக்கு முருங்கையிலை போடுவது திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். இலையின் ஃபீனால் பொருட்கள் நெய்யில் இறங்கிச் சிக்கைத் தள்ளிப்போடும். இலை ஈரமாக இருந்தால் பொங்கி வழியும். துடைத்துப் போட வேண்டும். மொறுமொறுவென்று பொரிந்ததும் இறக்கி, சூடு தணிந்தபின் வடிக்க வேண்டும். கசடு தங்கினாலும் ஈரக் கரண்டி விட்டாலும் முருங்கையிலை காப்பாற்றாது. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு நூற்றுக்கு 80க்கு மேல். அப்படியும் சீக்கிரம் சிக்கடிக்காததற்கு அதிலுள்ள செசமோல் முதலான பொருட்களே காரணம்.

அஞ்சறைப் பெட்டிக்கு வருவோம். அதிலும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் உண்டு: கிராம்பில் யூஜினால், மஞ்சளில் குர்குமின், இஞ்சியில் ஜிஞ்சரால். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலில் ஒரு பங்கு ஷோகாலாக மாறும். சுக்குக் காப்பியின் உறைப்பு இஞ்சித் தேநீரில் வராதது அதனால்தான். வத்தலின் சிவப்பு காப்சாந்தின். வெளிச்சமும் காற்றும் பட்டால் அதுவே ஆக்சிஜனேற்றமாகி வெளுக்கும். ஆகவே வத்தல்பொடியைக் கண்ணாடிப் போத்தலில் ஜன்னலோரம் வைக்கக் கூடாது. அரைத்த சூடு ஆறாமல் மூடினால் வியர்த்துக் கட்டி தட்டும். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் பொடி பூசணம் பிடிப்பது ஈரத்தால். அதற்கும் ஆக்சிஜனேற்றத்துக்கும் சம்பந்தமில்லை. மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்தால் இரண்டுக்கும் நல்லது.

உடம்புக்கு என்ன? 1998ல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்றில், 2 கிராம் குர்குமினோடு நல்லமிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு சேர்க்கச் சொல்வது இதை வைத்துத்தான். கணக்கையும் பார்க்க வேண்டும். மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு என்று வைத்தால், 2 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள் வேண்டும். புளிக்குழம்பில் விழுவது அரைத் தேக்கரண்டி, அதையும் வீடே பங்கிட்டுச் சாப்பிடுகிறது. குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளிப்பில் மஞ்சள் போடுவது அந்த வகையில் சரி.

உணவுப் பொருட்கள் 100 கிராமுக்கு எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று எண் போட்டு, கிராம்பை முதலிடத்தில் வைக்கும் 'ஓராக்' பட்டியல் இன்னும் சுற்றுகிறது. அது சோதனைக் குழாய்க் கணக்கு. 100 கிராம் கிராம்பை யாரும் தின்பதில்லை. உடலுக்குள் நடப்பதை அந்த எண் சொல்வதில்லை என்பதால் அமெரிக்க வேளாண் துறை 2012லேயே தன் பட்டியலை நீக்கிவிட்டது.

மசாலாப் பொருட்களால் செரிமானமும் சுவையும் கிடைக்கும், உப்பைக் கொஞ்சம் குறைக்கவும் வழியுண்டு. வீக்கம் தணிப்பது, சர்க்கரையைக் குறைப்பது பற்றிய ஆய்வுகளில் பல, சாறு பிரித்த மாத்திரையில் நடந்தவை. மாத்திரையில் அளவு கூடினால் ஆபத்தும் கூடும். பின்லாந்தில் புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைக் கொடுத்த சோதனையில் நுரையீரல் புற்று குறையவில்லை, கூடியது. முடிவு 1994ல் வெளிவந்தது. குர்குமின் மாத்திரையால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. குழம்பு மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.