வேக்குவம் க்ளீனரின் பின்பக்கக் காற்றையும் கவனியுங்கள்

காட்பாடியில் வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சர்வீஸுக்கு வரும் வேக்குவம் க்ளீனர்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "சரியா இழுக்க மாட்டேங்குது." மூடியைத் திறந்தால் ஃபில்டர் முழுக்க முடியும் பஞ்சும் அப்பியிருக்கும். குடியாத்தம் பக்கம் தறி ஓடும் வீடுகளென்றால் கேட்கவே வேண்டாம். சில மிஷின்களில் ஃபில்டரே இருக்காது. இழுவை குறைகிறது என்று கழற்றிவிட்டு ஓட்டியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் மனசு பதறும். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் யாராவது உண்டா என்றுதான் முதலில் கேட்பேன்.

வேக்குவம் உறிஞ்சும் காற்று முழுவதும் பின்பக்கம் வழியாக அதே அறைக்குத்தான் திரும்புகிறது. முடி, மணலை எல்லாம் சாதாரணத் துணி ஃபில்டரே பிடித்துவிடும். தப்பி வருவது நுண்தூசி. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசி நுரையீரலின் ஆழம் வரை போகும். காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியின் எச்சம் பொடிந்து இப்படிக் கிளம்பினால், அலர்ஜி உள்ளவர்களுக்குத் தும்மலும் இளைப்பும் வரும். பெருக்கிய அன்றைக்குத்தான் பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்றால் மிஷினையும் சந்தேகப்படுங்கள்.

வாங்கும்போது எத்தனை வாட்ஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டர் உண்டா என்று கேளுங்கள். அமெரிக்கத் தரப்படி அது 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். 'ஹெப்பா டைப்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த அளவுக்கு உத்தரவாதம் கிடையாது. அப்புறம், காற்று ஓரமாகக் கசியாமல் ஃபில்டரைச் சுற்றி அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டையும் பாருங்கள். அது விறைத்து விரிசல் விட்டால் எவ்வளவு நல்ல ஃபில்டரும் வீண்தான். ஃபில்டரின் ஓரத்தைத் தாண்டி உள்பக்கம் தூசிக்கோடு தெரிந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவலாம். மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெப்பாவை, கழுவலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தால் மட்டும் கழுவுங்கள். எதுவானாலும் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஐப்பசி மழையில் ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். தூசிப் பெட்டியை வாசலுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு கொட்டுங்கள். இளைப்பு உள்ளவர் கையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கிரானைட், டைல்ஸ் வெட்டிய பொடியை மட்டும் வீட்டு வேக்குவத்தால் தயவுசெய்து உறிஞ்சாதீர்கள். அதிலுள்ள சிலிகா நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.