பழைய டிரக்கின் கணினிக்குத் தெரியாத ஒன்று

1991ஆம் ஆண்டு செவர்லே சி1500 பிக்கப் டிரக்கில், டேஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநரின் முழங்கால் படும் இடத்தில் பன்னிரண்டு துளை கொண்ட ஒரு சிறு செருகுபெட்டி இருக்கும். மேல்வரிசையின் வலது கோடித் துளை ஏ. அதற்குப் பக்கத்தில் இருப்பது பி. காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி இந்த இரண்டையும் இணைத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் 'செக் எஞ்சின்' விளக்கு மினுக்கத் தொடங்கும். ஒரு மினுக்கல், சிறு இடைவெளி, மேலும் இரண்டு மினுக்கல். பன்னிரண்டு என்று படிக்க வேண்டும். இதையே மூன்று தடவை சொல்லும்.

பன்னிரண்டின் பொருள், பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து துடிப்பு வரவில்லை என்பது. எஞ்சினே ஓடாதபோது துடிப்பு எங்கிருந்து வரும்? ஆகவே இந்த எண் வரத்தான் வேண்டும். கணினி விழித்திருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பிறகு நினைவில் பதிந்துள்ள பிழை எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக, ஒவ்வொன்றும் மும்மூன்று தடவை வரும். எல்லாம் தீர்ந்ததும் மறுபடி பன்னிரண்டு. கையில் ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

இந்தச் செருகுபெட்டி வண்டி வாங்குபவருக்காக வைத்ததல்ல. தொழிற்சாலையில் வண்டியைப் பூட்டி முடிக்கும் வரிசையிலேயே சோதித்துப் பார்ப்பதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் வைத்தது; 'அசெம்ப்ளி லைன் டயக்னாஸ்டிக் லிங்க்' என்ற அதன் ஆங்கிலப் பெயரிலும் அந்த வரிசைதான் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 1988 முதல், புகை தொடர்பான பழுதுகளை வண்டியே கண்டறிந்து விளக்கு மூலம் காட்ட வேண்டும் என்று விதித்தது. எப்படிக் காட்டுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் போனது. எல்லாவற்றுக்கும் பொதுவான பதினாறு முனைச் செருகுபெட்டி அமெரிக்காவில் கட்டாயமானது 1996 மாடல் வண்டிகளில்தான்.

பிழை எண் என்பது கணினி தரும் சாட்சியம். சாட்சி எதைப் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது என்று விசாரிக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. எண் 15ஐ எடுத்துக்கொள்வோம். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் மிகவும் குளிர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். அந்த நீரில் அமிழ்ந்திருக்கும் சென்சார், குளிரக் குளிர மின்தடை கூடும் வகையைச் சேர்ந்தது. கணினி அதற்கு ஒரு தடையின் வழியே 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு மீதியிருக்கிறது என்று பார்க்கிறது. கம்பி அறுந்துபோனால் முழு 5 வோல்ட்டும் அப்படியே இருக்கும். கணினிக்கு அது கடுங்குளிராகத் தெரியும். டெக்சாஸ் வெயிலில் நிற்கும் வண்டி ஆர்க்டிக்கில் நிற்பதாக நம்பிக்கொண்டிருக்கும். அதே கம்பி எங்காவது உரசி வண்டியின் உலோகத்தைத் தொட்டால் வோல்ட் கீழே விழும். இப்போது எஞ்சின் கொதிப்பதாகத் தோன்றி எண் 14 பதியும். இரண்டிலும் நீருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எண் 44 இன்னும் விஷமமானது. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் குறைவு என்று தொடர்ந்து சொல்வதாக அது அறிவிக்கிறது. பலரும் உடனே சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அந்த சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனைத்தான் அறிகிறது. ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால், அங்கிருந்த காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். பெட்ரோலும்தான் எரியாமல் வருகிறது, ஆனால் சென்சாருக்கு ஆக்ஸிஜன் மட்டுமே கண்ணில் படும். கணினியும் பெட்ரோல் போதவில்லை என்று மேலும் ஊற்றும். பழுது பொறியில், புகார் எரிபொருள் மேல்.

இவையெல்லாம் கணினி பார்த்துத் தவறாகப் புரிந்துகொள்பவை. பார்க்கவே முடியாத ஒன்று உண்டு. அதுதான் டைமிங், அதாவது பொறி விழும் நேரம்.

சிலிண்டருக்குள் பொறி விழுந்தவுடன் கலவை முழுவதும் வெடித்துவிடுவதில்லை. தீ ஓரிடத்தில் பற்றி, காட்டுத்தீ போலப் பரவ ஓரிரு மில்லிவிநாடி ஆகிறது. அழுத்தம் உச்சத்தை எட்டுவது பிஸ்டன் மேலே போய்த் திரும்பி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஏறத்தாழ 15 டிகிரி சுழன்றிருக்கும்போது நடந்தால்தான் தள்ளும் விசை வீணாகாது. எனவே பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பொறி வைக்க வேண்டும். எவ்வளவு முன்பு என்பது வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங்க் ஒரு மில்லிவிநாடியில் 3.6 டிகிரி நகரும். 3,000 சுற்றில் அதே மில்லிவிநாடியில் 18 டிகிரி. வேகம் கூடும்போது உள்ளே கலவையின் சுழற்சியும் கூடித் தீ சற்று விரைந்து பரவும் என்றாலும், பொறியை வெகுவாக முன்தள்ளாமல் முடியாது. அதிகம் முந்தினால், அழுத்தம் ஏறி வரும் பிஸ்டனின் தலையில் அடித்து எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். பிந்தினால் இழுவை குறையும், புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சூடேறும்.

இந்த வண்டியின் 5.7 லிட்டர் வி8 எஞ்சினில் அந்தக் கணக்கைப் போடுவது கணினி. ஆனால் கணக்கின் தொடக்கப்புள்ளியை அது எங்கிருந்து எடுக்கிறது? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எட்டு முனைகள் கொண்ட நட்சத்திர வடிவ இரும்பு சுழல்கிறது. ஒவ்வொரு முனையும் ஒரு சுருளைக் கடக்கும்போது ஒரு துடிப்பு பிறக்கிறது. அந்தத் துடிப்பு வந்தால் கிராங்க் இன்ன இடத்தில் இருக்கிறது என்று கணினி வைத்துக்கொள்கிறது. கிராங்க்கை அது நேரில் பார்ப்பதே இல்லை. யாராவது டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப் போல்ட்டைத் தளர்த்தி, அதன் உடம்பைப் பத்து டிகிரி திருப்பி இறுக்கிவிட்டால், கணினியின் ஒவ்வொரு கணக்கும் இருபது டிகிரி பிசகும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் பிழை இரட்டிப்பாகிறது. கடிகாரத்தை யாரோ மாற்றி வைத்துவிட்ட வீட்டில் தினமும் தவறாமல் தாமதமாகக் கிளம்புபவரைப் போல, அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும். துடிப்பு வருகிறது, வோல்ட் எல்லாம் எல்லைக்குள் இருக்கிறது. விளக்கு எரியக் காரணமில்லை. பிழை எண் ஏதும் இல்லை என்பதை வைத்து டைமிங் சரி என்று சொல்லவே முடியாது.

அதனால் நம் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதற்குரிய கருவி டைமிங் லைட். அதன் கிளிப்பை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டினால், அந்த ஒயரில் மின்சாரம் பாயும் ஒவ்வொரு தடவையும் விளக்கு ஒரு கணம் பளிச்சிடும். கிராங்க்கின் முன்முனையில் உள்ள கனத்த சக்கரத்தில் ஒரு கோடு வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் டிகிரி குறித்த ஒரு தகடு. 600 சுற்றில் முதல் சிலிண்டருக்கு விநாடிக்கு ஐந்து பொறி. ஒவ்வொரு பளிச்சிடலின்போதும் கோடு அதே இடத்துக்கு வந்திருப்பதால், சுழலும் சக்கரம் உறைந்து நிற்பதுபோல் தெரியும். எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் சுழலும் மின்மோட்டார்களை ஆராய 1930களின் தொடக்கத்தில் கையாண்ட உத்தியும் இதுதான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கணினி டைமிங்கை மாற்றிக்கொண்டே இருக்கும். அடிப்படை எங்கே என்று தெரியாது. ஸ்டார்ட்டர் சுழற்றும்போது பொறியை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மாட்யூல் என்ற சிறு மின்னணுப் பகுதியே கவனிக்கிறது. ஏறத்தாழ 400 சுற்றைத் தாண்டியதும் கணினி ஒரு தனி ஒயரில் 5 வோல்ட் கொடுத்து, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பை வாங்கிக்கொள்ளும். அந்த ஒயர் பழுப்பில் கறுப்புக் கோடு போட்டது. நடுவில் உள்ள ஒற்றை இணைப்பைக் கழற்றிவிட்டால் பொறுப்பு கைமாறாது. மாட்யூல் மட்டும் வைக்கும் பொறியை டைமிங் லைட்டில் பார்க்கலாம். இந்த எஞ்சினுக்கு அப்போது கோடு சுழியத்தில் நிற்க வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள தாள் வேறு எண் சொன்னால் தாளையே நம்புங்கள். அதே காலத்து ஃபோர்டு எஃப்-150இலும் கழற்றுவதற்கு ஒரு சிறு செருகி உண்டு. அங்கே எண் பொதுவாக 10 டிகிரி.

எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், போல்ட்டைச் சிறிதே தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். இறுக்கும்போது அது நகர்ந்துவிடும் குணம் உடையது. இறுக்கியபின் மறுபடி பார்க்காதவர் இரண்டு தடவை வேலை செய்வார். விசிறிக்குப் பக்கத்தில் கை இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது, பளிச்சொளியில் விசிறியும் நிற்பதுபோல்தான் தோன்றும். ஒயரைத் திரும்ப மாட்டியதும் கோடு சுழியத்தைவிட்டு வெகுதூரம் முன்னால் தாவும். பதற வேண்டாம், கணினி பொறுப்பேற்றுவிட்டது. அந்த ஒயரைக் கழற்றி ஓட்டியதற்காக எண் 42 பதிந்திருக்கும். சாவியை அணைத்துவிட்டு பேட்டரியின் எதிர்முனையை அரை நிமிடம் கழற்றினால் அழியும்.

கோட்டையும் ஒரேயடியாக நம்ப முடியாது. அந்த கனத்த சக்கரத்தின் வெளிவளையம் உள்வட்டத்தோடு ரப்பரால் ஒட்டியிருக்கிறது. முப்பது ஆண்டு எண்ணெயும் சூடும் தின்ற ரப்பர் வழுக்கினால், வளையம் நகர்ந்து கோடும் நகரும். முதல் பிஸ்டன் உண்மையிலேயே உச்சத்தில் இருக்கும்போது கோடு சுழியத்தைக் காட்டுகிறதா என்று பிளக் துளை வழியே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. கோடு ஓரிடத்தில் நிற்காமல் ஆடினால், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேமைக் கிராங்க்கோடு இணைக்கும் டைமிங் செயின் தொய்ந்திருக்கக்கூடும். கிராங்க்கைக் கையால் முன்னும் பின்னும் திருப்பி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் எவ்வளவு பிந்தி அசைகிறது என்று பார்த்தால் தொய்வு தெரிந்துவிடும்.

1996இல் இதே 5.7 லிட்டர் எஞ்சினின் புது வடிவம் வந்தபோது, கிராங்க்குக்கே நேராக ஒரு சென்சார் வைத்தார்கள். அதில் டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் டைமிங் மாறாது. எல்லை தாண்டித் திருப்பினால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பி1345 என்ற எண் பதியும்.