கழுத்தில் ஒரு கோபுரம்

பர்மாவின் கலோ மலையில் சித்தி வீட்டுக் கத்தரிச்செடியில் எறும்புகள் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன. ரங்கூனிலிருந்து போயிருந்த எனக்கு வேறு வேலை இல்லை, குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "செடியை வாட்டுவதே இந்த எறும்புதான்" என்று சித்தி அடுப்புச் சாம்பலைத் தூவினார். உண்மையில் தண்டின் நுனியில், தோளில் இரட்டைக் கொம்பு வைத்த சிறு பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. எறும்பு அதன் பின்புறத்தை உணர்கொம்பால் தட்டியது, பூச்சி ஒரு சொட்டு விட்டது, எறும்பு குடித்தது. பால் கறப்பதேதான்.

இந்தக் கொம்புப்பூச்சி ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகிச் சாறு உறிஞ்சுகிறது. சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலமோ சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக அளவு மீறிக் குடித்துவிட்டு, மிஞ்சிய சர்க்கரை நீரை வெளியேற்றுகிறது. அந்தக் கூலிக்குத்தான் எறும்பு காவல் நிற்கிறது.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கொம்புதான். இமயமலைச் சரிவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் ஹிப்சாக்கீனியா என்ற பேரினத்தில் இது எல்லை மீறிப் போயிருக்கிறது. முன்முதுகிலிருந்து ஒரு தண்டு நிமிர்ந்து எழுந்து, வளைந்து, நுனியில் இலைபோல இரண்டாகப் பிரிகிறது. கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு 'உயர்ந்த கழுத்து' என்று பொருள்; வைத்தவர் அதிகம் யோசித்திருக்க மாட்டார்!

கொம்புப்பூச்சிக் குஞ்சுகளுக்கு முழுக் கொம்பு கிடையாது. கடைசித் தோலுக்குள் அது மடித்து வைத்த புடவையாகச் சுருண்டிருக்கும். தோல் உரிந்ததும் உடல்நீர் உள்ளே பாய, பலூனாக விரிந்து, பிறகு இறுகிவிடும். 2011இல் ஓர் ஆய்வுக் குழு, இது மூன்றாவது ஜோடி இறக்கையின் உருமாற்றம் என்றது. மற்றவர்கள் உடனே மறுத்தார்கள். 2020இல் வந்த மரபணு ஆய்வு, இறக்கையை உருவாக்கும் மரபணுக்கள் இதிலும் இயங்குவதைக் காட்டியது. என் கணக்கில் இது இறக்கை அல்ல. இறக்கையின் சமையல் குறிப்பைக் கடன் வாங்கிய முதுகுத்தகடு.

இவ்வளவு பாரம் எதற்கு? முள்ளாகவோ இலையாகவோ தோன்றிப் பறவையை ஏமாற்ற என்பது பழைய பதில். 2025இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள். இரை தேடிப் பறக்கும் குளவியின் உடலில் நிலைமின்னூட்டம் சேர்கிறது; அது நெருங்கும்போது எழும் மின்புலத்தைக் கொம்புப்பூச்சிகளால் உணர முடிகிறது. கூர்முனையில் மின்புலம் குவியும். பகோடா உச்சியில் இடிதாங்கி வைப்பதும் அதனால்தானே! விசித்திரக் கொம்பு, பூச்சியின் மின்னுணர்வைக் கூட்டக்கூடும் என்பது அவர்கள் ஊகம்.

இத்தனையும் சித்தியிடம் சொல்லி, எறும்பு நிரபராதி என்றேன். பொறுமையாகக் கேட்டவர், மிச்சச் சாம்பலைப் பூச்சியின் தலையிலும் கொட்டினார்.