இடம் மாறிய செடி ஏன் இலையைக் கொட்டுகிறது?

ஃபைகஸ் பெஞ்சமினாவை நர்சரியில் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த அதே பேரினம். பளபளக்கும் சிறு இலைகள், தழைந்து தொங்கும் கிளைகள். வீட்டுக்கு வந்த சில நாட்களில் அந்தச் செடி கொத்துக் கொத்தாக இலையைக் கொட்டத் தொடங்குகிறது. சில மஞ்சளாகி விழுகின்றன. பல பச்சை நிறம் மாறாமலே விழுகின்றன. பதறிப்போய் நாம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறோம், ஒரு பிடி உரம் போடுகிறோம், பெரிய தொட்டிக்கு மாற்றுகிறோம், வேறு மூலையில் வைத்துப் பார்க்கிறோம். இந்த நான்குமே அந்த நேரத்தில் செடிக்கு வேண்டாதவை. இலை உதிர்வால் சாகும் செடிகளைவிட, இலை உதிர்வுக்கு நாம் பார்க்கும் வைத்தியத்தால் சாகும் செடிகள்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

செடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தப் பதற்றம் பாதியாகக் குறைந்துவிடும். வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம்.

நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒளிச்செறிவின் அலகு). நிழல்வலைக்குக் கீழே வளரும் செடிக்குக்கூட அதில் சில பத்தாயிரங்கள் கிடைக்கும். வீட்டுக்குள் சன்னலை ஒட்டிய இடத்தில், நேர்வெயில் விழாதபோது, ஓரிரு ஆயிரம் லக்ஸ் இருக்கலாம். அங்கிருந்து சில அடி உள்ளே தள்ளி வைத்தால் சில நூறுதான். ஆனால் நம் கண்ணுக்கு அந்த அறை நல்ல வெளிச்சமாகவே தெரிகிறது. கண்மணி விரிந்து, விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டு நூறு மடங்கு வேறுபாட்டையும் நமக்கு மறைத்துவிடுகிறது. செடிக்கு அப்படிப்பட்ட சலுகை இல்லை. இலையில் வந்து விழும் ஒளித்துகள்கள்தான் அதன் கணக்கு. ஆகவே செடியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போது கண்ணை நம்பவேண்டாம். கைப்பேசியில் கிடைக்கும் எளிய ஒளிமானிச் செயலி துல்லியமாக இராவிட்டாலும், இரண்டு இடங்களை ஒப்பிடுவதற்கு அது போதும்.

ஒவ்வோர் இலையும் ஒளிச்சேர்க்கையில் சர்க்கரையைச் சம்பாதிக்கிறது. தன் செல்களை உயிரோடு வைத்திருக்க, சுவாசத்தில் அதைச் செலவும் செய்கிறது. வரவும் செலவும் சமமாகிற ஒளி அளவுக்குத்தான் ஒளி ஈடுசெய் புள்ளி என்று பெயர். வெளிச்சம் அதற்குக் கீழே போனால் அந்த இலை செடிக்குப் பாரம். இந்தப் புள்ளி எல்லா இலைகளுக்கும் ஒன்றல்ல என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிரகாசமான இடத்தில் விரிந்த இலை தடிமனானது. அதன் மேற்பரப்புக்கு அடியில் நெடுக்கான பாலிசேட் செல்கள் அடுக்கடுக்காக நிற்கும். நிறைய ஒளியை வாங்கி நிறையச் சர்க்கரை செய்யக் கட்டப்பட்ட இலை அது. அவ்வளவு இயந்திரங்களைப் பராமரிக்க வேண்டியிருப்பதால் அதன் சுவாசச் செலவும் அதிகம். நிழலில் விரிந்த இலை மெல்லியது, அகலமானது. எடைக்கு எடை பார்த்தால் அதில் பச்சையம் கூடுதல், செலவு குறைவு. அதனால் மங்கலான ஒளியிலும் அதற்கு மிச்சம் நிற்கும்.

முழுதாக விரிந்து முதிர்ந்த வெயில் இலையை நிழல் இலையாக மாற்ற முடியாது. சில திருத்தங்கள் உண்டு. பசுங்கணிகங்கள் செல்லுக்குள் இடம் மாறி, ஒளி படும் பக்கமாகப் பரவி நிற்கும். பச்சையத்தின் ‘ஏ’, ‘பி’ வகைகளின் விகிதமும் ஓரளவு மாறும். ஆனால் எத்தனை அடுக்கு செல்கள், எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் இலை உருவாகும்போதே தீர்ந்துபோன விஷயம். ஆகவே செடி புதிய இடத்துக்குப் பழகுகிறது என்றால், பெரும்பாலும் பழைய இலைகளைக் கழித்துவிட்டு, இந்த வெளிச்சத்துக்கென்றே புதிய இலைகளைச் செய்துகொள்கிறது என்றுதான் பொருள். உதிரும் இலைகளை எண்ணிக் கவலைப்படுவதைவிட, கிளை நுனியில் துளிர் வருகிறதா என்று பார்ப்பதுதான் செடியின் நிலையைச் சரியாகச் சொல்லும்.

இலை உதிர்வது ஏதோ வாடி, தளர்ந்து, தானாக நடந்துவிடுகிற காரியம் அல்ல. செடி அதை முறையாகச் செய்கிறது. நலமாக இருக்கும் இலையின் தகட்டிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் இடைவிடாமல் காம்பு வழியே இறங்கிக்கொண்டிருக்கும். அது வந்துகொண்டிருக்கும்வரை, காம்பின் அடியில் உள்ள மெல்லிய செல் அடுக்கு சும்மா இருக்கும். இலை பலவீனமடைந்து ஆக்சின் வரத்து குறைந்தால், அந்த அடுக்கு செடியின் இன்னொரு ஹார்மோனான எத்திலீன் வாயுவுக்கு இணங்கத் தொடங்கும். பிறகு அங்கே நொதிகள் சுரந்து, செல்லையும் செல்லையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டின் பசையைக் கரைக்கின்றன. காம்பு நிற்பது ஒரு பெயருக்குத்தான், காற்றடித்தால் விழுந்துவிடும். கிளைப் பக்கத்தில் தக்கை போன்ற காப்பு அடுக்கு உருவாகிக் காயத்தை மூடுகிறது. நிதானமாக மஞ்சளாகி விழும் இலையாக இருந்தால், விழுவதற்கு முன் அதிலிருக்கும் நைட்ரஜன், மக்னீசியம் போன்ற சத்துகளில் கணிசமான பங்கைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெஞ்சமினாவின் இலை ஒன்றைக் கையால் பிய்த்தால் காம்பு முறிந்த இடத்தில் உடனே வெள்ளைப் பால் துளிர்த்துக் கொட்டும். தானாக உதிர்ந்த இலை இருந்த இடத்தைப் பாருங்கள்: வழுவழுப்பான சிறு வட்டத் தழும்பு, பெரும்பாலும் பால் கசிவே இருக்காது. கதவைச் சாத்திவிட்டுத்தான் இலையை அனுப்பியிருக்கிறது செடி. (அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும்; தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள்.)

எத்திலீனின் கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில், விளக்கு எரிக்கும் வாயுவின் குழாய்கள் கசிந்த தெருக்களில் மரங்கள் காலமல்லாத காலத்தில் இலை உதிர்த்தன. ரஷ்யத் தாவரவியலாளர் திமித்ரி நெல்யுபோவ், ஆய்வகக் காற்றில் கலந்திருந்த அதே வாயுவால் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கவனித்து, அதற்குக் காரணம் வாயுவில் உள்ள எத்திலீன் என்று 1901இல் வெளியிட்டார். செடிகள் தாமே எத்திலீனைச் செய்கின்றன என்பது பின்னர்தான் உறுதியானது. பெட்டியில் அடைத்து, இருட்டில், குலுங்கக் குலுங்கப் பயணம் வரும் செடியைச் சுற்றி இந்த வாயு தேங்கும். வீட்டுக்கு வந்த பிறகு கொட்டும் இலைகளில் ஒரு பகுதிக்கான தீர்ப்பு வழியிலேயே எழுதப்பட்டுவிட்டது. வந்ததும் பொதியைப் பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பழக்கூடைக்குப் பக்கத்தில் வேண்டாம். பழுக்கும் பழங்களும் எத்திலீனை வெளிவிடுபவை.

இந்த உதிர்வை முன்கூட்டியே குறைக்க முடியும் என்று காட்டியவர்களில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்போப்கா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சார்லஸ் கோனோவரும் ரிச்சர்ட் பூலும் முக்கியமானவர்கள். 1970களில் அவர்கள் பெஞ்சமினா உள்ளிட்ட செடிகளை வெவ்வேறு நிழல் அளவுகளிலும் உர அளவுகளிலும் வளர்த்து, பிறகு வீட்டுக்குள் இருக்கும் அளவு ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். நிழலில் பழக்கி, உரத்தையும் அளவோடு கொடுத்த செடிகள், முழு வெயிலில் வளர்ந்தவற்றைவிடக் குறைவாகவே இலை இழந்தன. வாங்கும்போது ‘இது நிழலில் எவ்வளவு நாள் இருந்தது?’ என்று கேட்பது, ‘எவ்வளவு உயரம்?’ என்று கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி.

அடுத்தது காற்று. இலைக்குள் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கும். வெளிக்காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக இலைத்துளைகள் வழியே நீர் இழுக்கப்படும். 25 டிகிரி செல்சியஸில் ஈரப்பதம் 80 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு இறங்கினால், அந்த இழுவிசை இரண்டு மடங்காகும் என்று தோன்றும். உண்மையில் மூன்று மடங்காகிறது. 100 சதவீதத்தை எட்ட எவ்வளவு குறைகிறது என்பதுதான் கணக்கு; 20 ஆக இருந்தது 60 ஆகிவிடுகிறது. குளிரூட்டியோ வெப்பமூட்டியோ ஓடும் அறையில் கலாத்தியா என்ற அழகுச் செடியின் இலை ஓரங்கள் காய்ந்து சுருள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்குப் பலரும் செய்வது தண்ணீர் தெளிப்பது. தெளித்த ஈரம் சில நிமிடங்களில் அறைக் காற்றில் கரைந்துவிடும். அதனால் பெரிய பயன் இல்லை. செடிகளைக் கூட்டமாக வைப்பது ஓரளவு உதவும். உண்மையிலேயே வேலை செய்வது மூடிவைப்பதுதான். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, 1829 வாக்கில், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் தற்செயலாக முளைத்த பெரணி ஒன்று வாடாமல் வளர்வதைக் கண்டார். வெளியே நகரத்தின் புகைக்காற்றில் அவருடைய பெரணிகள் பிழைக்கவே இல்லை. 1833இல் அவர் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். பல மாதக் கடல் பயணத்தைத் தாண்டி அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. நொந்துபோன சிறு செடிக்கு மேல் ஒளி புகும் பாலிதீன் பையைக் கவிழ்த்து, நேர்வெயில் படாமல் வைப்பது அதே தத்துவம்தான். ஒரு வாரம் கழித்துப் பையில் ஓட்டை போட்டு, ஓட்டைகளை மெல்லப் பெரிதாக்கி, பிறகு எடுத்துவிட வேண்டும். சட்டென்று எடுத்தால், சோம்பிக் கிடந்த இலைத்துளைகள் மூட மறந்து இலை வதங்கிவிடும்.

இனி வேர். வீட்டுச் செடிகள் அதிகம் சாவது இங்கேதான்.

வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் நீரும் குறையும். நர்சரியில் தினமும் தண்ணீர் ஊற்றினார்கள் என்று நாமும் ஊற்றினால் மண் கலவையின் துளைகள் எல்லாம் நீரால் அடைபடும். வேருக்கும் சுவாசம் உண்டு, ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் நீருக்குள் ஊடுருவும் வேகம் காற்றில் ஊடுருவுவதைப்போல ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மூச்சடைத்த வேர் செத்துப்போகிறது, பித்தியம் போன்ற அழுகல் நுண்ணுயிரிகள் அதில் குடியேறுகின்றன. வேர் செத்தால் மேலே நீர் ஏறாது. ஆகவே ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. தாகத்தில் வாடும் செடியைப் போலவே தோற்றம். அதைப் பார்த்து இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றுகிறோம். வாடிய இலையைப் பார்த்து ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக நீர் ஊற்றி வடிந்ததும் ஒருமுறை தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொண்டால், நாள்காட்டி தேவைப்படாது.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பதும் கைவிட வேண்டிய நம்பிக்கை. நுண்ணிய மண் கலவை தன் நுண்புழை விசையால் நீரைப் பிடித்துவைக்கும். கீழே பெரிய இடைவெளிகள் இருந்தால் எளிதில் அதை இறக்கிவிடாது. ஆகவே தேங்கும் ஈர அடுக்கு கற்களுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் ஏறி நிற்கும். அடியில் ஓட்டை இருப்பதும், கலவை பொலபொலப்பாக இருப்பதும்தான் வடிகால்.

வந்த உடனே தொட்டி மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீரின் பெரும்பகுதியை உறிஞ்சுவது வேர் நுனிகளை ஒட்டிய நுண்ணிய வேர்த்தூவிகள். தொட்டி மாற்றும்போது அறுபடுபவை முதலில் அவைதான். வெளிச்சமும் காற்றும் மாறித் திணறும் செடியிடமிருந்து குடிக்கும் வாயையும் பறிப்பது முறையல்ல. மண் நாறுகிறது, வேர் அழுகி வழவழக்கிறது என்றால் மட்டும் விதிவிலக்கு. உரமும் அப்படியே. நர்சரிக் கலவையில் மெதுவாகக் கரையும் உர உருண்டைகள் பெரும்பாலும் ஏற்கெனவே கிடக்கும். உப்பு மேலும் சேர்ந்தால் வேர் நீரை இழுப்பது இன்னும் கடினமாகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வீட்டிலேயே வெளிச்சம் அதிகமான இடத்தைத் தேடி முதலில் அங்கே வைப்பது, குளிரூட்டியின் காற்று நேராகப் படாமல் பார்ப்பது, மற்றச் செடிகளிடமிருந்து இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்து இலையின் அடிப்பக்கத்தில் சிலந்திப்பேன், மாவுப்பூச்சி உண்டா என்று கவனிப்பது. நிரந்தர இடம் மங்கலாக இருந்தால், வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உள்ளே நகர்த்தலாம். ஆனால் தினம் ஓர் இடம் என்று அலைக்கழிக்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் செடிக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது.

எதிர்த் திசையில் இன்னும் நிதானம் வேண்டும். நிழலில் பழகிய செடி பாவம், வெயில் காணட்டும் என்று ஒரே நாளில் மாடிக்குக் கொண்டுபோனால், சில மணி நேரத்திலேயே இலையில் வெளுத்த திட்டுகள் விழும். மிகுதியான ஒளியை வெப்பமாக மாற்றி வெளியேற்ற உதவும் சாந்தோஃபில் நிறமிகள் நிழல் இலையில் குறைவு. அவை போதிய அளவு சேர நாட்கள் ஆகும். வெளுத்த திட்டு மறுபடி பச்சையாகாது. காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் என்று தொடங்கிப் பழக்கலாம்.

இலை எல்லாம் கொட்டி, மொட்டைக் குச்சியாக நிற்கும் பெஞ்சமினாவைக்கூட அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் பச்சை தெரியும் இடம்வரை கீழே இறங்கி, அதற்குச் சற்று மேலே வெட்டிவிடலாம். இலை இல்லாத செடிக்குத் தண்ணீர்த் தேவை மிகக் குறைவு என்பதை மட்டும் மறக்காமல், வெளிச்சத்தில் வைத்துக் காத்திருங்கள். துளிர் வந்து, புதிய இலைகள் முழுதாக விரிந்து, பழைய இலைகளைவிட மெல்லியதாகவும் அகலமாகவும் இருப்பதைக் கண்ட பிறகு, முதல் உரத்தைப் பாதி அளவில் கொடுக்கலாம். தொட்டியின் ஓட்டை வழியே வேர் எட்டிப் பார்த்தால், ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ பெரிய தொட்டிக்கு அப்போது மாற்றலாம்.