பசுமை முறையில் செய்தாலும் பெராக்சைடு பெராக்சைடுதான்

ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை ஊற்றி இறுக்கி மூடி வைத்த இன்னொரு புட்டி. காலையில் ஆய்வகத்தைத் திறந்தபோது அதன் பிளாஸ்டிக் உடம்பு உருண்டையாக உப்பியிருந்தது. அடியில் படிந்த வெளிர்மஞ்சள் வினையூக்கித் தூளிலிருந்து நூல் நூலாகக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. வைத்த மாணவரின் பதில் எனக்கு மனப்பாடம்: “சார், இது பசுமை முறையில் செய்த பெராக்சைடுதானே?”

பசுமை முறைக்கு வேண்டிய தண்ணீர், காற்று, வெளிச்சம் மூன்றும் சாது, ஆகவே அவற்றிலிருந்து வருவதும் சாது என்ற இந்த எண்ணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆலையில் ஆந்த்ராகுவினோன் என்ற கரிமச் சேர்மத்தின் வழியில் தயாரானாலும், மாசூட்டிய (வேறு தனிமம் சிறிதளவு கலந்த) குறைக்கடத்தித் தூளின்மேல் ஒளி விழுந்து உருவானாலும், ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரே மூலக்கூறுதான். ஹைட்ரஜன் வாயுவும் கரிமக் கரைப்பான்களும் இல்லாமல் அதைச் செய்கிறோம் என்பதே பசுமை. செய்து முடித்த பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. 3 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் முழுதாகச் சிதைந்தால் சுமார் 10 லிட்டர் ஆக்சிஜன் வரும். 30 சதவீதம் என்றால் ஏறத்தாழ 100 லிட்டர். புட்டியை உப்பவைப்பது இந்த வாயுதான்.

“நம்முடையது மில்லிமோலார் அளவுதானே”, அதாவது மிக நீர்த்த கரைசல்தானே, என்பார்கள். பிறகு அதையே ரோட்டரி எவாப்பரேட்டரில் (குடுவையைச் சுழற்றி, குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கும் கருவியில்) வற்றவைப்பார்கள்! தண்ணீர் முதலில் போய்விடும். பெராக்சைடின் கொதிநிலை சுமார் 150 டிகிரி செல்சியஸ்; அது குடுவையிலேயே தங்கிச் செறியும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஈர்க்கட்டும் என்றுதான் தூளில் இரும்போ செம்போ சேர்த்து மாசூட்டுகிறோம். அந்த உலோகம் துளி கரைந்து வந்தாலும் பெராக்சைடு இருட்டிலேயே சிதையும். விளைச்சல் குறைந்ததும் விளக்கைக் குறை சொல்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

கரிமத் தொகுப்பு செய்பவர்களும் விலக்கல்ல. ஒளியின் உதவியால் பென்சைல் ஆல்கஹாலைப் பென்சால்டிஹைடாக்கும்போது, எலக்ட்ரான்களை ஏற்று ஒடுக்கமடைந்த ஆக்சிஜன் பெராக்சைடாகக் கலவையில் தேங்கலாம். வற்றவைக்கும் முன் பெராக்சைடு சோதனைத்தாளை அதில் நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் சோடியம் சல்ஃபைட்டை மெதுவாகச் சேர்த்து அழித்துவிடுங்கள். சேமிக்கும் கரைசலைத் தூள் நீங்க 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, காற்றுப்போக்கு மூடி போடுங்கள். பெராக்சைடு பட்ட கலத்தை அசிட்டோனால் கழுவவே கழுவாதீர்கள். அமிலத் தடம் இருந்தால் வெடிக்கும் பெராக்சைடுகள் உருவாகும். வினைக்கு ஒளியூட்டும் நீல எல்.இ.டி. விளக்கு புற ஊதா அல்ல என்பதற்காக வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கிறீர்களே, விழித்திரைக்கு அதுவும் கேடுதான்.

உப்பிய புட்டியைக் கண்டால் தயவுசெய்து திருகித் திறக்க முயலாதீர்கள். தொடாமல் விலகி நின்று, பக்கத்தில் இருப்பவர்களையும் விலக்கி, என்னைக் கூப்பிடுங்கள். நடுராத்திரியானாலும் வருவேன்.